ஆண் வேடம் போட்ட கதாநாயகி 1801இல் பாளையங்கோட்டைக்குள் எப்படி நுழைவாள்?

பாளை தையல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருஷமாகத் தையல் கடை நடத்துகிறேன். மிஷினில் உட்காராத நேரமெல்லாம் சரித்திர நாவல்தான். அதிலும் கதாநாயகி ஆண் வேடம் போட்டுக் கிளம்புகிற கதை என்றால் அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது. எத்தனை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஏன் என்று யோசித்திருக்கிறேன். ஒரு தெருவைத் தாண்டுவதற்கே காரணம் சொல்ல வேண்டிய காலத்தில், அந்தப் பெண் குதிரை ஏறிப் போகிறாள், சத்திரத்தில் தனியாக இலை போட்டுச் சாப்பிடுகிறாள், நாலு ஆண்கள் பேசுகிற இடத்தில் தானும் ஒரு வார்த்தை சொல்கிறாள். காதல் அப்புறம்தான் வருகிறது. முதலில் வருவது அந்த நடமாட்டம். அதுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.

இப்போது நானே ஒன்று எழுதுகிறேன். காலம் 1801. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டு ஒன்றரை வருஷம் ஆகவில்லை. தம்பி ஊமைத்துரை இங்கே பாளையங்கோட்டைச் சிறையில் இருக்கிறார். பிப்ரவரி 2ஆம் தேதி ராத்திரி அவரும் கூட்டாளிகளும் தப்பிப் போகிறார்கள். இதெல்லாம் நடந்தது. என் கதையில், சிறையில் இருக்கிற ஒருவனுடைய தங்கை பேச்சியம்மாள். உள்ளே சேதி கொண்டுபோவதற்காக ஆண் வேடத்தில் கோட்டைக்குள் வருகிறாள். காவலில் நிற்கிற சிப்பாய் ஒருவன்மேல் மனசு போகிறது. பதினொரு அத்தியாயம் எழுதியாயிற்று. பன்னிரண்டில் நிற்கிறது.

நின்றதற்குக் காரணம் துணி. வெள்ளைக்காரர் கதைகளில் சட்டை, அதன்மேல் இடுப்புச் சட்டை, அதன்மேல் கோட்டு, கழுத்தைச் சுற்றித் துணி, முழங்கால் வரை பூட்ஸ். இத்தனை அடுக்குக்குள் எந்த உடம்பும் ஒளியும். 1801இல் நம்ம பக்கம் உழுகிறவன், வண்டி ஓட்டுகிறவன், பாளையக்காரருக்கு வேல் தூக்குகிறவன் எல்லாரும் இடுப்புக்கு மேல் வெறும் உடம்புதானே. மிஞ்சினால் ஒரு துண்டு. அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் மட்டும் கழுத்துவரை மூடிக்கொண்டு நின்றால், ‘ஏல, உனக்கு என்ன காய்ச்சலா?’ என்று கேட்டுவிடுவார்கள். நம்ம ஆட்கள் எழுதிய சில கதைகளிலும் கதாநாயகி ‘ஆண் உடை தரித்தாள்’ என்று படித்திருக்கிறேன். எந்த உடை? அதைச் சொல்லவில்லையே என்று எனக்கு மனசு கேட்காது.

முடி விஷயத்தில் நமக்குச் சாதகம் இருக்கிறது. அங்கே கதாநாயகி அழுதுகொண்டே கூந்தலை வெட்டுவாள். இங்கே ஆணுக்கும் நீளமுடிதான், முன்நெற்றியைச் சிரைத்துக் குடுமி முடிந்தால் போதும். ஆனால் காது? என் ஆச்சிக்குப் பாம்படம் போட்ட காது தோளைத் தொடும். ஆணும் கடுக்கன் போட்டான்தான். ஆனால் பாம்படக் காதும் கடுக்கன் காதும் ஒன்றில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு தசராவுக்கு முன்னால், எங்கள் தெருவில் ஒரு மதினி, வயது நாற்பத்தைந்து இருக்கும், மகனுக்கு உடம்பு தேறினால் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு ராஜா வேஷம் போடுவதாக நேர்ந்திருந்தார்கள். குலசைக்கு வேஷம் தைப்பது எனக்குப் புதிதில்லை. காளி வேஷத்துக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க ஆண்கள் வருவார்கள். அந்தத் துணியோடு வீடு வீடாகப் போய்க் காணிக்கை எடுத்து அம்மன் உண்டியலில் போடுகிறவர்கள் என்பதால் பார்த்துப் பார்த்துத் தைப்பேன். பெண்ணுக்கு ராஜா உடை தைத்தது அதுதான் முதல் தடவை. சிவப்பு வெல்வெட்டில் முழங்கால் வரை அங்கி, ஓரத்தில் ஜரிகை, தோளுக்குள் பஞ்சு வைத்து அகலப்படுத்தி, இடுப்பு தெரியாதபடி நேராக இறக்கி வெட்டினேன். மீசை ஒட்டிக் கிரீடம் வைத்து வாசலில் நின்றபோது பெற்ற பிள்ளைக்கே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை.

அப்புறம் நடந்தார்கள். பத்து எட்டு வைப்பதற்குள் வலது கை தானாக இடது தோளுக்குப் போயிற்று, இல்லாத முந்தானையை இழுத்துவிட. ‘மதினி, கை’ என்பேன், இறக்குவார்கள். தெரு முக்குக்குள் மறுபடி போகும். முப்பது வருஷம் சேலை கட்டின கை அது. வாளைக் கொடுத்த பிறகுதான் நின்றது. பிடிக்க ஒன்று கிடைத்ததும் கைக்குத் தோள் மறந்துவிட்டது.

போன மாசம் கடையை அடைத்தபிறகு, எட்டு முழம் காடாத் துணியை ஒரு சாண் அகலத்தில் கிழித்து மார்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தேன். பேச்சியம்மாள் படுகிற பாடு தெரியாமல் எப்படி எழுதுவது? கால் மணி நேரத்தில் மூச்சு மேலேயே நின்றது. குனிந்து ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. முடிச்சை முன்னால் போட்டால் சட்டையில் புடைக்கிறது. பின்னால் போட்டால் ஆள் துணையில்லாமல் அவிழ்க்க முடியாது. அக்குளுக்கு ஒரு சாண் கீழே, பக்கவாட்டில் முடிந்தால்தான் சரிப்படுகிறது. ஒரு மணி நேரம் கழித்து அவிழ்த்தபோது விலாவெல்லாம் வரிவரியாகச் சிவந்திருந்தது. நாவல்களில் ‘இறுகக் கட்டிக்கொண்டாள்’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் பாளையங்கோட்டைக்குள் உடம்பை மூடிக்கொண்டு நடமாடக்கூடிய ஆண் யார்? சிப்பாய் என்றும் யோசித்தேன், காயல்பட்டினத்து வியாபாரி என்றும் யோசித்தேன். அப்புறம், அந்தச் சிப்பாய்க்கு அவள் பெண் என்று எப்போது தெரிய வேண்டும்? கடைசி அத்தியாயம் வரை மறைத்தால் எனக்கு எழுத ஓடவில்லை. முன்னாலேயே தெரிந்தால் கதை செத்துவிடுமோ என்றும் பயம். படித்தவர்கள் சொல்லுங்கள்.


டவுன் வாத்தியார்:

தங்கச்சி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவன் நான். இரண்டாவது கேள்வியில் இருந்து வருகிறேன், அதுதான் எனக்குப் பிடித்தது.

இந்த வகைக் கதைக்கு ஆங்கிலத்தில் ஷேக்ஸ்பியரே மூலவர். ‘ட்வெல்த் நைட்’ நாடகத்தில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கின வயோலா, செசாரியோ என்ற பையனாகப் பிரபு ஆர்சினோவிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவரையே விரும்புகிறாள். அவரோ இன்னொருத்திக்குக் காதல் தூது போகச் சொல்லி இவளையே அனுப்புகிறார். ஆர்சினோவுக்குக் கடைசிக் காட்சிவரை உண்மை தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரியும். அவள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் நமக்கு இரண்டு அர்த்தம் கொடுக்கும். அந்தச் சுகம் ஒரு மாதிரி.

ஜார்ஜெட் ஹேயர் பிடித்த வழி வேறு. அவர் இந்த வேடத்தை வைத்து மூன்று நாவல் எழுதினார். 1926இல் வந்த ‘தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்’ கதையில், பாரிஸ் தெருவில் ஒரு பிரபு செம்பட்டை முடிப் பையன் ஒருவனை விலைக்கு வாங்கித் தன் எடுபிடியாக வைத்துக்கொள்கிறார். 1940இல் வந்த ‘தி கொரிந்தியன்’ கதையில், பிடிக்காத கல்யாணத்துக்குப் பயந்து ஒரு பெண் பையன் உடையில் ராத்திரி ஜன்னல் வழியாகப் போர்வையை முடிந்து இறங்குகிறாள். கீழே வந்துகொண்டிருந்தவன்தான் கதாநாயகன். நடுவில் 1928இல் ‘தி மாஸ்கரேடர்ஸ்’. 1745இல் இங்கிலாந்து ராஜாவுக்கு எதிராக நடந்த கலகத்தில் தோற்ற தரப்பைச் சேர்ந்த அண்ணனும் தங்கையும் உயிர் பிழைக்க வேடத்தை மாற்றிக்கொள்கிறார்கள், அவன் பெண்ணாக, அவள் ஆணாக. இதைத்தான் நீங்கள் தேடிப் படிக்க வேண்டும்.

இந்த மூன்றிலும் கதாநாயகனுக்குச் சீக்கிரமோ தாமதமாகவோ முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ‘கொரிந்தியன்’ ஆளுக்குப் பார்த்த உடனேயே. ‘மாஸ்கரேடர்ஸ்’ ஆள், சர் ஆன்தனி, பெரிய உடம்பு, எப்போதும் தூக்கக் கண். ஊரே அவனை மந்தம் என்று நினைக்கும். அவன்தான் சத்தம் போடாமல் கவனித்துக் கண்டுபிடிக்கிறான். கண்டுபிடித்த பிறகு அவளைக் காட்டிக்கொடுக்காமல், தனக்குத் தெரியும் என்றும் காட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் நிற்கிறான். அந்த மௌனத்தில்தான் காதல் இருக்கிறது என்பது என் கட்சி. கதை சாகாது தங்கச்சி, அங்கேதான் உயிரே வரும். எல்லாரும் வேடத்தைப் பார்க்கும்போது ஒருத்தன் மட்டும் ஆளைப் பார்க்கிறான். ஒரு பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்?

நம்ம பக்கமும் வெறும் கையோடு இல்லை. 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’, தமிழின் முதல் நாவல், அதிலேயே ஞானாம்பாள் ஆண் வேடத்தில் இருக்கும்போது பட்டத்து யானை அவளுக்கு மாலை போட்டு விக்கிரமபுரிக்கு ராஜாவாக்கிவிடுகிறது. அவள் ஆள்கிறாள், நன்றாகவே ஆள்கிறாள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை அதை எழுதினார். பெண் கல்விக்காக ஓயாமல் எழுதினவர் அவர். ஒரு பெண்ணால் நாட்டை ஆள முடியும் என்று காட்ட அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த வழி ஒரு தலைப்பாகை.

இனி துணிக்கு வருகிறேன். சிப்பாய் உடை என்றீர்கள். மேலே சிவப்புச் சட்டை சரிதான். ஆனால் அந்தக் காலச் சென்னைப் படைச் சிப்பாய்க்குக் கீழே முழுக்கால் உடை கிடையாது, தொடை வரைக்கும் சல்லடம்தான். கால் முழுக்கத் தெரியும். இருபது வயதுப் பெண்ணின் காலை நூறு ஆண்கள் தினமும் அணிவகுப்பில் பார்ப்பார்கள். காது பற்றிக் கவலைப்பட்டீர்கள், அது 1801இல் பிரச்சினை இல்லை. சிப்பாய்கள் கடுக்கன் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கடுக்கன் கூடாது, நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, புதுத் தலைப்பாகை வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டதால்தான் 1806 ஜூலையில் வேலூரில் புரட்சியே வெடித்தது. உங்கள் கதை அதற்கு ஐந்து வருஷம் முந்தினது.

பிப்ரவரி 2 ராத்திரி ஆங்கில அதிகாரிகள் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது இங்கே இளம் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பிற்பாடு தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். அந்த விருந்துக்கு உள்ளே வெளியே போய்வரக்கூடியவர்கள் யார் யார் என்று யோசியுங்கள். விடை அங்கேதான் இருக்கும்.


காயல் துணிக்கடை:

அக்கா, காயல்பட்டினத்து வியாபாரியாக மட்டும் அனுப்பாதீங்க. நான் அந்த ஊர்க்காரன், சொல்கிறேன்.

உடை என்று பார்த்தால் நீங்கள் நினைத்தது சரி. நீளச் சட்டை, தலையில் தொப்பியோ தலைப்பாகையோ, எல்லாம் மூடும். ஆனால் எங்கள் ஊரில் ஒருத்தரை ஒருத்தர் தெரியாமல் இருக்க முடியாது. பாளையங்கோட்டையில் இன்னொரு காயல்காரர் எதிரில் வந்தால் சலாம் சொன்ன அடுத்த வார்த்தை, யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, வாப்பா பெயர் என்ன. மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலில் ஆண்களோடு தோளோடு தோள் நிற்க வேண்டும், அதற்கு முன்னால் ஹவுளில் கை கால் முகம் கழுவ வேண்டும். தொழுகை தெரியாத பெண்ணை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் படிக்கிற எங்களுக்கும் மனசு ஒப்பாது.

திருநெல்வேலிச் சீமையில் உடம்பை மறைப்பது இரண்டாம் பட்சம் அக்கா. ‘யாரு வீட்டுப் பிள்ளைல நீ?’ இதற்குப் பதில் வைத்திருக்கிறாளா? லண்டனில் ஒரு ஆள் இன்னொரு ஊர்ப் பெயரைச் சொல்லித் தப்பிக்கலாம். இங்கே ஊர்ப் பெயர் சொன்னால் ‘அங்கே எங்க பெரியம்மா மகளைக் கொடுத்திருக்கு’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் தூரத்து ஊர், வேறு பேச்சு உள்ள ஆளாக இருக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம், தரங்கம்பாடிப் பக்கம் மாதிரி.

துணி பற்றி ஒன்று. எது போட்டாலும் மல் துணி வேண்டாம். வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உள்ளே கட்டின கட்டு நிழலாகத் தெரியும். கெட்டி லாங்கிளாத்து போடச் சொல்லுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் சோழமண்டலக் கரையில் இருந்து கப்பல் கப்பலாக ஏற்றின துணி அதுதான், கம்பெனியைச் சேர்ந்த ஆள் அதைப் போட்டிருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.


பாளை தையல்காரி:

தம்பி, ஜும்ஆ விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. அந்த யோசனையை எடுத்துவிட்டேன். லாங்கிளாத்தை எடுத்துக்கொள்கிறேன். அண்ணாச்சி, சல்லடம் என்று படித்ததும் சிப்பாய் வேடமும் போயிற்று.


நர்ஸம்மா:

நான் ஓய்வு பெற்ற நர்ஸ், பாளையங்கோட்டைதான். நீங்கள் நெஞ்சைக் கட்டிப் பார்த்ததைப் படித்து வருத்தமாக இருந்தது. இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள் அம்மா, மூச்சு முட்டும். செய்தது வரைக்கும் கதைக்கு லாபம்.

உங்கள் கதைக்கு நிஜமாகவே வாழ்ந்த ஒரு அக்கா இருக்கிறாள், அவளும் நம்ம கரைக்கு வந்தவள்தான். ஹன்னா ஸ்னெல், இங்கிலாந்தில் வூஸ்டர் ஊர்க்காரி, 1723இல் பிறந்தவள். விட்டுவிட்டு ஓடிப்போன புருஷனைத் தேடி, அக்காள் புருஷனின் உடையைப் போட்டுக்கொண்டு, ஜேம்ஸ் கிரே என்ற அவர் பெயரையே வைத்துக்கொண்டு கிளம்பினாள். கடற்படை வீரனாகக் கப்பலேறி, 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகை போட்டபோது அந்தச் சண்டையில் இருந்தாள். 1750இல் லண்டன் திரும்பிய பிறகுதான் தான் பெண் என்று கூட இருந்த வீரர்களிடம் சொன்னாள். அதே வருஷம் அவள் கதை புத்தகமாக வந்தது, ஓய்வூதியமும் கிடைத்தது.

அந்தப் புத்தகம் சொல்கிற ஒரு இடம் என்னை விடவே இல்லை. புதுச்சேரிச் சண்டையில் காலெல்லாம் காயம், அதோடு தொடை இடுக்கில் ஒரு குண்டு. கால் காயத்தை மருத்துவரிடம் காட்டினாள். இடுக்குக் காயத்தைக் காட்டினால் எல்லாம் தெரிந்துவிடும். அதனால் சொல்லவே இல்லை. தானே விரலை விட்டுக் குண்டை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் இருந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி மருந்தும் துணியும் கொடுத்து உதவினாளாம். முப்பத்திரண்டு வருஷம் நான் காயம் கட்டியிருக்கிறேன். தொடை இடுக்கில் பெரிய ரத்தக் குழாய் ஓடுகிறது, ஒரு நூல் தப்பினால் ஆள் இல்லை. அந்த வலியில் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தவளை நினைத்தால், அவளுக்கு மருந்து கொடுத்த அந்தப் பெண்ணையும் சேர்த்துத்தான் நினைப்பேன். புத்தகத்தில் அவள் பெயர் இல்லை. ஆனால் முதலில் உண்மையைத் தெரிந்துகொண்டவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். உங்கள் கதையிலும் அப்படி ஒரு பெண்ணை வையுங்கள். வேடம் போட்டவளுக்கு மாதத்தில் மூன்று நாள் உண்டு, அதற்குத் துணி அலசிக் காயப்போட ஒரு மறைவு வேண்டும். இன்னொரு பெண்ணின் உதவி இல்லாமல் எந்த ஆண் வேடமும் ஒரு மாதம் தாண்டாது.

இன்னொன்று இங்கேயே நடந்தது. 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தபோது ஊமைத்துரை காயத்தோடு கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த ஒரு தாயிடம், சாகக் கிடந்த அந்த மகன், என்னை விடு, பக்கத்தில் கிடக்கிற சாமியைக் காப்பாற்று என்றானாம். பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்தார்கள். வெள்ளைக்காரர் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது மேலே வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மை போட்டுச் செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் கிட்டே வராமல் ஓடிவிட்டார்கள். மேலே வாத்தியார் ஐயா சொன்ன வெல்ஷ்தான் இதையும் எழுதியிருக்கிறார். வேடம் என்றால் சட்டை மட்டும் இல்லை பாருங்கள். ஒரு ஒப்பாரியும் வேடம்தான்.

கடைசியாக உங்கள் முதல் கேள்விக்கு. நம்ம கோட்டைக்குள் இருக்கிற குளோரிந்தா அம்மாள் கட்டின கிறிஸ்தவக் கோயிலை, பாப்பாத்தியம்மாள் கோயில் என்போமே, அதை எப்படி மறந்தீர்கள்? தஞ்சாவூர்ப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு இங்கே வந்தார், அவரிடம் ஆங்கிலம் கற்றார். 1778இல் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார், 1785இல் கோயில் எழும்பிற்று. அவர் கதையை நம்ம பெருங்குளத்து மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு குளோரிந்தா ஞாபகம் வருவாள். இத்தாலியக் கவி டாசோ எழுதி 1581இல் வெளிவந்த காவியத்தில் வருகிறவள், ஆண்களைப் போலக் கவசம் பூண்டு போருக்குப் போகிற பெண். ராத்திரி இருட்டில் அவளை விரும்புகிறவனே யாரென்று தெரியாமல் சண்டை போட்டு வீழ்த்திவிடுகிறான். சாகும்போது அவள் கேட்பது ஞானஸ்நானம். தண்ணீர் எடுத்து வந்து தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் அவன் முகத்தைப் பார்க்கிறான்.

நம்ம குளோரிந்தா வீட்டில் பேச்சியம்மாள் சிறு வயதிலிருந்து வேலை செய்தாள் என்று வையுங்கள். கொஞ்சம் ஆங்கில எழுத்தும் தஞ்சாவூர்ப் பேச்சும் அங்கேயே படிந்துவிடும். காயல் தம்பி கேட்ட தூரத்து ஊர்க்காரனும் கிடைத்துவிடுவான், துணி அலச ஒரு வீடும் கிடைக்கும்.


வில்லுக்கார வீட்டுப் பிள்ளை:

எங்கள் தாத்தா கொடைக்குக் கொடை வில்லுப் பாடினவர். அவர் ஆசையாகச் சொல்கிற கதை அல்லி அரசாணி மாலை. பெரிய எழுத்துப் புத்தகம் இன்னும் வீட்டில் இருக்கிறது. மதுரையில் அல்லி பெண்ணாகவே, தன் முகத்தோடே சிம்மாசனத்தில் இருந்து ஆள்கிறாள். வேடம் போட்டு உள்ளே நுழைய வேண்டியிருந்தது அர்ச்சுனனுக்குத்தான். ஒளிய வேண்டிய ஆள் யார் என்பதைப் பொறுத்து ஊரின் பலம் தெரிகிறது. தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் அல்லி நாடகம் எழுதினார். அந்தக் கால பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் அல்லியாக நின்றதும் பையன்கள்தான்.

பெயருக்கு நீங்கள் சிரமப்பட வேண்டாம். நம்ம சாமி பெயர்கள் எல்லாம் இரண்டு பக்கமும் போகும். இசக்கியம்மாள் இசக்கிமுத்து ஆவாள், மாடத்தி மாடசாமி ஆவாள். பேச்சியம்மாள் பேச்சிமுத்து ஆகட்டும். பின்னால் இருந்து யாராவது ‘பேச்சி’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாலும் தப்பில்லை. தூரத்து ஊர்ப் பெயர் வைத்தீர்கள் என்றால் கூப்பிடும்போது திரும்ப மறப்பாள்.


டவுன் வாத்தியார்:

நர்ஸம்மா சொன்னதோடு என் விடையும் சேர்ந்துவிட்டது. துபாஷி. வெள்ளைக்காரனுக்கும் ஊருக்கும் நடுவில் மொழிபெயர்க்கிற ஆள். கணுக்கால் வரை வெள்ளை அங்கி, இடுப்பில் கச்சை, தலையில் பெரிய பாகை, காலில் செருப்பு. வெயிலில் அத்தனை துணி போட்டிருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள், அது அவன் பதவி. பெண்ணைத் துபாஷியாகவே ஆக்க வேண்டாம், வயது போதாது. துபாஷியிடம் கணக்கு எழுதுகிற இளம் எழுத்தனாக இருக்கட்டும். மீசை முளைக்காததற்கும் அதுவே காரணம். விருந்து நடந்த வீட்டுக்கும் போகலாம், சிறைக்கு அரிசிக் கணக்குப் பார்க்கவும் போகலாம். பெயர் விஷயத்தில் தம்பி சொல்வது அழகு, ஆனால் பேச்சிமுத்து என்றால் உள்ளூர் வாடை அடிக்கும், காயல் தம்பியின் கேள்விக்கு மாட்டும். தாயார் தென்னாட்டுக்காரி, குலசாமி பேச்சி, தஞ்சாவூரில் வளர்ந்தவன் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.


பாளை தையல்காரி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை எழுதினேன். எழுதுவதற்கு முன் அங்கியைக் காகிதத்தில் வெட்டிப் பார்த்தேன். கழுத்தை மூடி, இடது பக்கம் அக்குளுக்குக் கீழே நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி. உள்கட்டின் முடிச்சு விழுகிற அதே இடத்தில் வெளி நாடாவும் வந்துவிடுகிறது. புடைப்புத் தெரிந்தாலும் அது அங்கியின் முடிச்சு என்றுதான் பார்க்கிறவன் நினைப்பான். பாகையைக் காதுக்கு மேலே இறக்கிச் சுற்றினால் பாம்படக் காதும் மறைகிறது. குளோரிந்தா வீட்டு அடுப்படியில் ஒரு கிழவியை வைத்துவிட்டேன் நர்ஸம்மா, பெயரில்லாமல். துணி அலசிக் கொடுப்பது அவள்தான். என் ஆச்சியின் சாடை அவளுக்கு.

அண்ணாச்சி, எப்போது தெரிய வேண்டும் என்று கேட்டேன் இல்லையா? சிறைவாசலில் வைத்துவிட்டேன். பேச்சிமுத்து வலது கையில் எப்போதும் கணக்கு நோட்டு இருக்கும், மார்போடு அணைத்துப் பிடித்திருப்பாள். மதினியின் வாள் மாதிரி. ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி வந்து அந்த நோட்டை வாங்கிப் புரட்டுகிறார். வெறும் கை. காற்றடிக்கிறது. கை தானாக மேலே போகிறது, இடது தோளுக்கு, இல்லாத முந்தானையை இழுத்துவிட. அதிகாரி நோட்டில் இருக்கிறார், பார்க்கவில்லை. எதிரே காவலில் நிற்கிற சிப்பாய் பார்த்துவிடுகிறான். அவனுக்கும் வீட்டில் அம்மா உண்டு, அக்கா உண்டு, அந்தக் கை எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியும்.

அவள் முகம் வெளுக்கிறது. கையை இறக்கவும் முடியவில்லை. அதிகாரி தலையை நிமிர்த்தப் போகிறார்.

சிப்பாய் ஒன்றும் கேட்கவில்லை. இடுப்பில் இருந்த சாவிக் கொத்தை எடுத்து அவளிடம் நீட்டுகிறான். ‘எழுத்தரே, பாகை அவிழுது, கட்டிக்கிடுதேன். இதைக் கொஞ்சம் பிடியும்’ என்கிறான்.